பாப்பாவின் வலது காது

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். என் பொறுப்பில் இருக்கும் எலிகளும் நலம். நீ அனுப்பிய போர்வை வந்து சேர்ந்தது. போர்வையைவிட அது வந்த பெட்டிக்குத்தான் இங்கே மதிப்பு. எலிக் கூண்டுகளைப் பார்த்துக்கொள்கிறவரை நாங்கள் எலி அண்ணன் என்று கூப்பிடுவோம். அவர் பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ கெட்டியான அட்டை எங்கம்மா கிடைச்சுது?" என்றார். "எங்க அக்கா ஒட்டினது" என்றேன். அதன்பிறகு பெட்டி எனக்குத் திரும்பி வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கையால் பேசிக்கொண்டிருந்த நீ பாதியிலேயே கையை மடக்கிக்கொண்டாய். அண்ணனின் பாப்பாவுக்கும் உன்னைப்போலவே காது கேட்கவில்லை என்று டாக்டர் சொன்னதிலிருந்து நம் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. அண்ணனுக்குப் போன் செய்தால் பெருமூச்சுதான் வருகிறது. அண்ணியின் அம்மா, "உங்க வீட்டு ரத்தம் அப்படி" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாராம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் முகத்தைப் பார்த்தால் என் கை எழாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று நீ பலமுறை கேட்டும் நான் மழுப்பியிருக்கிறேன். இப்போது சொல்கிறேன். காதுக்குள் சத்தத்தைப் பிடிக்கிற செல்கள் உண்டு. பிடித்ததை அவை நரம்பிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த ஒப்படைக்கிற வேலைக்கு ஒரு புரதம் தேவை. சிலருக்கு அதைச் செய்யும் மரபணுவில் மாற்றம் இருப்பதால் புரதம் உருவாவதில்லை. சத்தம் வாசல் வரை வந்து நிற்கிறது, உள்ளே அழைத்துப் போக ஆள் இல்லை. நல்ல மரபணுவை அந்தச் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். நோய் உண்டாக்கும் வேலையைப் பிடுங்கிவிட்ட ஒரு வைரஸ் அதைச் சுமந்து போகும். ஆனால் இந்த மரபணு மிக நீளம், ஒரு வைரஸில் அடங்காது. அதனால் இரண்டு துண்டாக வெட்டி, இரண்டு வைரஸ்களில் ஏற்றி, செல்லுக்குள் போனபின் ஒட்டிக்கொள்ளும்படி செய்கிறார்கள். வேறு சில நாடுகளில் பிறவியிலேயே கேட்காத குழந்தைகளுக்கு இதைச் செய்து, கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். இதெல்லாம் நடந்து ரொம்ப காலம் ஆகவில்லை, அக்கா.

எங்கள் ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்த மருத்துவமனையிலும் சில குழந்தைகளுக்குத் தொடங்கப்போகிறார்கள். முதலில் ஒரு காதில் மட்டும் ஊசி போடுவார்கள். அண்ணன் பாப்பாவைப் பதிவு செய்திருக்கிறான். யாரைச் சேர்ப்பது என்பதை முடிவு செய்வது வேறு டாக்டர்கள், எனக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

சிக்கல் இதுதான். பாப்பாவுக்கு இரண்டு மாற்றங்கள் இருக்கின்றன. ஒன்று அண்ணி வழியாக வந்தது. (ஆமாம், அண்ணி வழியாகவும்தான். இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் இப்படி ஆகும். அண்ணியின் அம்மாவிடம் யார் சொல்வது?) அது காதை அடைக்கும் என்று ஏற்கெனவே தெரியும். அண்ணன் வழியாக வந்த இன்னொன்றை இதுவரை யாரிடமும் பார்த்ததில்லையாம். அதுதான் காரணமா, சும்மா கூட வந்த மாற்றமா என்று சொல்ல முடியவில்லை. காரணம் என்று உறுதியாகாமல் சேர்க்க மாட்டார்கள். அப்பா அம்மா இருந்திருந்தால் அவர்களைக் கேட்டிருப்பார்கள். எனக்கும் அண்ணனுக்கும் காது கேட்பதால் எங்களை வைத்துத் தெரியாது, மிச்சம் இருப்பது நீ மட்டும்தான். உன் ரத்தத்தில் அதே மாற்றம் அப்பா, அம்மா இரண்டு பக்கமும் இருந்தால் (அவர்கள் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள்தானே) சந்தேகம் தீர்ந்தது.

புரிவதற்காக நம் குடும்பத்தைப் படமாக வரைந்து வைத்திருக்கிறேன். கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். அண்ணன் வந்து கூட்டிப்போவான்.

உன் தங்கை,
குட்டி


ஜூன் 20

குட்டிக்கு அக்கா எழுதுவது.

கடிதம் வந்தது. படமும் வந்தது. ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, நீ, எல்லாரும் வெள்ளை. நானும் பாப்பாவும் மட்டும் கறுப்பு. கோட்டுக்கு வெளியே ஒரு துளி வழியாமல் தீட்டியிருக்கிறாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு வண்ணம் தீட்ட நன்றாக வரும்.

ஓரத்தில் குட்டியாக விளக்கமும் இருந்தது. கறுப்பு என்றால் 'பாதிக்கப்பட்டவர்'. என்னை எது பாதித்தது, எப்போது பாதித்தது என்று யோசித்துப் பார்த்தேன். பஸ்ஸில் சில்லறை வாங்க மறந்த நாட்கள் உண்டு. பல்வலி வந்தது. அப்பா போனது. அதிலெல்லாம் நீங்கள் எல்லாரும்தானே பாதிக்கப்பட்டீர்கள்?

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. கொஞ்சம் கோபம்தான்.

என் அட்டைப்பெட்டிக் கம்பெனியை நீ ஒரே ஒரு தடவை வாசலில் நின்று பார்த்திருக்கிறாய். உள்ளே மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காதாம். எல்லாருக்கும் காதில் வைக்க அடைப்பான் தருவார்கள். எனக்குத் தரவில்லை, கம்பெனிக்கு ஒரு ஜோடி மிச்சம். நான் சேர்ந்த புதிதில் அவர்கள் ஒருவரையொருவர் தோளில் தட்டி, இழுத்து, வெளியே கூட்டிப்போய்ப் பேசிவிட்டு வருவார்கள். இப்போது என் வரிசை முழுக்கக் கைப்பேச்சுதான். பசை தீர்ந்துபோச்சு, அட்டை கோணலா வருது, டீ வந்தாச்சு, உன் மூஞ்சி, எல்லாம் கையிலேயே. சூப்பர்வைசர்கூட என்னைத் திட்ட வேண்டுமென்றால் முதலில் என் தோழியிடம் போய், "இதுக்குக் கையில எப்படிம்மா?" என்று கேட்டுக்கொண்டு வருவார். அந்த இடத்தில் நான்தான் வாயாடி.

ஆனால் மெஷின் நின்றதும் எல்லாரும் வாய்க்குத் திரும்பிவிடுவார்கள். பை எடுத்துக்கொண்டு பேசிக்கொண்டே வாசலுக்குப் போவார்கள். நான் பின்னால் நடப்பேன்.

பாப்பாவுக்குக் கேட்கவில்லை என்று டாக்டருக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். அவள் என் கையைப் பார்க்கிற மாதிரி நீங்கள் யாரும் பார்த்ததில்லை, நீகூட. பால் என்று கை மூடித் திறப்பாள். இன்னும் வேண்டும் என்று விரல்களைச் சேர்ப்பாள். அண்ணன் ரிப்போர்ட்டோடு வந்த அன்று வீட்டில் எல்லாரும் அழுதார்கள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன், குட்டி. அழுகை வரும் என்று நினைத்துத்தான் போனேன், சிரிப்புதான் வந்தது. மெஷின் நின்றபிறகும் என்னோடு பேச ஒருத்தி வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

இதை அண்ணியிடம் சொல்லிவிடாதே.

இப்போது அவளையும் வாய்க்காரியாக்க என் ரத்தத்தையே கேட்கிறாய். என்னால் முடியாது. ஊசிக்குப் பயமில்லை. நீ கேட்டு இதுவரை எதையும் இல்லை என்று சொன்னதில்லை. இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போர்வையை வெயிலில் போட்டுவிட்டுப் போர்த்திக்கொள். வேளைக்குச் சாப்பிடு. வீடியோவில் உன் கன்னம் ஒட்டிக் கிடக்கிறது.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூண்டு அறையில் உட்கார்ந்து மறுபடி படித்தேன். எலி அண்ணன் எட்டிப் பார்த்து, "வீட்டுல எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்றார். தலையாட்டினேன். "நல்லாருந்தா எதுக்கு மூக்கு சிவந்திருக்கு? எலி முடி ஒத்துக்கலையா?" என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

படத்துக்காக மன்னித்துவிடு. எங்கள் துறையில் குடும்பப் படத்தை அப்படித்தான் வரைவோம். தினமும் யாரோ முகம் தெரியாதவர்களின் படங்களை வரைந்து வரைந்து, அந்தக் கறுப்பு வட்டத்துக்குள் ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்கு மறந்துவிட்டது. உனக்கு அனுப்பும்போதுகூட நினைவு வரவில்லை.

இனி உன்னிடம் ரத்தம் கேட்க மாட்டேன். அண்ணனிடமும், "அக்காவை யாரும் நச்சரிக்கக் கூடாது" என்று போனில் சொல்லிவிட்டேன். அவன், "நீயா பேசுற? இவ்ளோ சத்தமா?" என்றான்.

உன்னால் பாப்பாவின் வாழ்க்கை அடைபட்டுவிடாது என்பதையும் தெரிந்துகொள். அந்த மாற்றத்தை ஒரு செல்லில் உண்டாக்கி, அது என்ன செய்கிறது என்று சோதிக்கிற வழி இருக்கிறது. நாள் பிடிக்கும். இந்த முறை சேர்க்கை முடிந்துவிடலாம். மூளை சத்தத்தைப் பழகிக்கொள்கிற வயது சின்ன வயதுதான், அதனால் தள்ளிப்போவது நல்லதில்லை. ஆனால் காதுக்குள் கருவி பொருத்தும் வழி எப்போதும் இருக்கிறது. உள்ளதைச் சொல்லிவிட்டேன். மறைத்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய்.

அக்கா, அம்மா என்னை ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிடுவாள். வகுப்பில் 'உள்ளேன் ஐயா' சொல்லக்கூட மாட்டேன், கையை மட்டும் தூக்குவேன். பள்ளி விட்டு வந்ததும் உன்னிடம் கையால் கொட்டித் தீர்ப்பேன். யார் யாரைக் கிள்ளினார்கள், எந்த டீச்சர் எந்தப் புடவை, எல்லாவற்றையும். காது கேட்கிற வீட்டில் பேசாமல் இருந்தவள் நான், பேசிக்கொண்டே இருந்தவள் நீ. நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் என்று என்னைச் சொல்கிறார்கள். பாடத்தில் எது புரியாவிட்டாலும் அதைக் கையால் உனக்குச் சொல்லிப் பார்ப்பேன். கையால் சொல்ல வராதது எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். அப்படித்தான் நான் படித்தேன். இதற்கு நான் ஒருநாளும் உனக்கு நன்றி சொன்னதில்லை.

இந்த வேலைக்கு நேர்முகத் தேர்வு நடந்தபோது எங்கள் ஆய்வுக்கூடத்தை நடத்தும் டாக்டரம்மா, "எதுக்குக் காது ஆராய்ச்சி?" என்று கேட்டார். வாய்க்கு முன்னால் என் கை தானாக எழுந்தது. 'அக்கா' என்று காட்டிவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. "பதட்டப்படாதீங்க, தண்ணி குடிங்க" என்றார்.

ஒரு உண்மையும் சொல்ல வேண்டும். எனக்குக் கேட்பது பிடிக்கும், அக்கா. உன்னிடம் இதைச் சொல்லக் கூச்சமாகவே இருந்திருக்கிறது, உனக்கு எதிரில் வைத்துக்கொண்டு நான் மட்டும் தின்பது மாதிரி. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த சத்தம் உன் சிரிப்பு. எண்ணெய் போடாத கதவு மாதிரி ஆரம்பித்து, எங்கேயோ போய் மூச்சு முட்டி நிற்கும். அது எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியாது. வேறெதுவும் கேட்காவிட்டாலும் பாப்பா அதைக் கேட்கட்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. நான் கேட்டதற்குக் காரணம் அவ்வளவுதான்.

நீ முடியாது என்றதிலும் எனக்குக் குறை இல்லை. என்னிடம் மட்டும் சொன்னாயே, அந்தக் குளியலறைச் சிரிப்பை. அது என்னோடு இருக்கும்.

உன்
குட்டி


ஜூலை 24

குட்டி,

நலம்தானே? பதில் எழுதத் தாமதம். கம்பெனியில் பெரிய ஆர்டர், குளிர்சாதனப் பெட்டிக்கான அட்டைப்பெட்டிகள். ஒரே தாளில் அடங்காது. இரண்டு பாதியாக வெட்டி, ஓரத்தில் ஒரு மடிப்பு விட்டு ஒட்டுவோம். ஒட்டும்போது உன் வைரஸ் நினைவு வந்தது. உங்கள் ஆட்களும் மடிப்பு விடுகிறார்களா?

என் சிரிப்பு கதவு மாதிரி என்று எழுதிவிட்டாய். இப்போதெல்லாம் சிரிக்க வந்தால் வாயைப் பொத்திக்கொள்கிறேன். அது உன்னோடு நான் போடவேண்டிய தனிச் சண்டை.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணி வந்தாள். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அவள் மட்டும். அண்ணன் வரவில்லை, அவள் அம்மாவும் வரவில்லை. ரத்தம் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் என்னிடம் பேசுவதென்றால் ஒரு காகிதத்தில் எழுதி நீட்டுவாள், இல்லை அண்ணனைக் கூப்பிடுவாள். அன்று காகிதம் எடுக்கவில்லை. பாப்பாவைப் பாயில் விட்டாள். கையில் இருந்த வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பிறகு இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள், அடி வாங்க நிற்கிற பிள்ளை மாதிரி. வளையல் இடிக்கிறதாம், விரல் சரியாக மடங்கவில்லையாம்.

மெதுவாக, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, கையால் சொன்னாள்: "எனக்குச் சொல்லிக் கொடுங்க. ஊசி கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டாலும் சரி. என் பிள்ளை உங்ககிட்ட பேசுறா. என்கிட்ட அழ மட்டும்தான் செய்யுறா."

இதைச் சொல்லவே எங்கேயோ பார்த்து மனப்பாடம் செய்திருக்கிறாள். பாதி தப்பு. ஆனால் தப்பு வந்த இடத்தில் நிறுத்தாமல் முகத்தால் முடித்தாள். முகம் சரியாக வந்தது.

ரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, குட்டி. நானாகத்தான் கேட்டேன். "உங்க அம்மா என்ன சொல்றாங்க?" அவள் உதட்டைச் சுழித்து, இதற்கு மட்டும் காகிதம் எடுத்து எழுதிக் காட்டினாள். "எங்க பக்கமும் பாதி இருக்குன்னு டாக்டர் சொன்னாரு. அன்னையிலேர்ந்து அம்மா எங்க வீட்டுக்கு வர்றதில்ல. ரொம்ப அமைதியா இருக்கு." அப்போது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் வாயைப் பொத்தவில்லை. பாப்பா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'இன்னும்' என்று விரலைச் சேர்த்தாள்.

அன்று முழுக்க யோசித்தேன். இவளை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் இவள் அம்மா வளையலைக் கழற்றி வைத்துவிட்டு என் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் யாரை யார் எடுத்துக்கொண்டு போவது?

திங்கட்கிழமை கம்பெனிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு அண்ணியோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டேன். அங்கிருந்த நர்ஸ் எனக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் வாயை அகலமாகத் திறந்து கத்த ஆரம்பித்தாள். அவள் சொத்தைக் கடைவாய்ப்பல் இரண்டைக் காட்டி டாக்டரிடம் போகச் சொல்லலாமா என்று நினைத்தேன். அண்ணி நடுவில் வந்து நின்று, கையால் எனக்குச் சொன்னாள்: "கை... நீட்டு... கொஞ்சம்... கடிக்கும்." கொசு கடிக்கும் என்பது மாதிரி. அதைவிட நன்றாக யாராலும் சொல்லியிருக்க முடியாது.

ஒரு கவலை மட்டும் மிச்சம். ஊசி போட்டபிறகு பேச்சுப் பயிற்சி என்று ஒன்று உண்டாமே. எங்கள் வரிசைத் தோழியின் தங்கை மகளுக்குக் கருவி பொருத்தினார்கள். பயிற்சி கொடுக்கிறவர், "கையால பேசினா வாய் வராது, நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டாராம். நிறுத்திவிட்டார்கள். உங்கள் இடத்திலும் அப்படிச் சொன்னால், குட்டி, நான் கொடுத்தது என்னைத் துடைத்தெடுக்கக் கொடுத்ததாகிவிடும். அண்ணி நிறுத்த மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். ஆனால் டாக்டர் சொன்னால் அவள் பயந்தவள்தானே? நீ கேட்டுச் சொல். எனக்காக ஒரு தடவை வாயைத் திற.

அக்கா


ஆகஸ்ட் 16

என் அக்காவுக்கு,

கேட்டேன்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் கூடும் கூட்டம். சிகிச்சை செய்யும் டாக்டர்கள், பயிற்சி கொடுப்பவர்கள், நாங்கள் எல்லாரும் நீள மேஜையைச் சுற்றி உட்காருவோம். நான் எப்போதும் கதவுக்குப் பக்கத்து நாற்காலி. இத்தனை நாளில் அங்கே நான் சொன்ன ஒரே வார்த்தை, யாரோ விளக்கை அணைக்கச் சொன்னபோது "சரி" என்பதுதான். கடைசியில் டாக்டரம்மா, "வேற ஏதாவது?" என்றார். கை தூக்கினேன்.

"ஊசி போட்ட குழந்தைங்க வீட்டுல கைப்பேச்சு தொடரலாமா?" என்றேன்.

பயிற்சி கொடுப்பவர், "பொதுவா குறைச்சுக்கச் சொல்வோம்..." என்று தொடங்கினார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, அவர் முடிக்கும்முன் பேசிவிட்டேன். "நான் கைப்பேச்சுலதான் வளர்ந்தேன் சார். எனக்குக் காது கேக்கும். எனக்குப் பேச்சு வந்தது." யாரோ, "ஆனா நீங்க பேசவே மாட்டீங்களே!" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு டாக்டரம்மா, சத்தம் வர வாரக்கணக்கில் ஆகும், அதுவரை குழந்தையோடு எப்படிப் பேசுவார்கள், எப்படி ஆறுதல் சொல்வார்கள், வந்தபிறகும் கைப்பேச்சு தெரிந்த குழந்தைக்கு மொழி என்றால் என்ன என்று முன்பே தெரிந்திருக்கும் என்றார். பயிற்சி கொடுப்பவரும் ஒப்புக்கொண்டார். பெற்றோருக்குக் கொடுக்கும் குறிப்பில், வீட்டில் கைப்பேச்சு இருந்தால் நிறுத்த வேண்டாம் என்று எழுதப்போகிறார்கள். வெளியே வந்ததும் எலி அண்ணன், "உள்ள நீங்க பேசினீங்களாமே? ஊரே பேசிக்குது" என்றார்.

அடுத்த செய்தி. உன் ரத்தப் பரிசோதனை முடிந்தது. உன்னிடம் அதே மாற்றம், இரண்டு பக்கமும். சந்தேகம் தீர்ந்தது. பாப்பாவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மாற்றம் காதை அடைக்கும் என்று இனி உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் பார்க்கும் இடத்தில் பதிவாகும். உன் பெயர் இருக்காது. ஆனால் எந்த நாட்டிலோ எந்த மொழி பேசும் வீட்டிலோ இதே மாற்றத்தோடு ஒரு குழந்தை பிறந்தால், அந்தக் குழந்தை காத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நீ அரைநாள் லீவு போட்டதால். எனக்கு இதற்கு நன்றி சொல்லத் தெரியவில்லை, அக்கா. உன் முடிவு வந்த கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மடிப்பு விடுகிறார்களா என்று கேட்டாயே. விடுகிறார்கள். இரண்டு துண்டிலும் ஒரே மாதிரி கொஞ்சம் பகுதி இருக்கும், அதை வைத்துத்தான் ஒட்டும். டாக்டரம்மாவிடம் சொன்னேன். "உங்க அக்காவுக்கு இங்க வேலை வேணுமா?" என்று கேட்டார்.

குட்டி


அக்டோபர் 11

அக்கா,

பாப்பாவுக்கு வலது காதில் ஊசி போட்டு இத்தனை வாரம் ஆகிவிட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனையும் எடுப்பதில்லை. அண்ணியைக் கேட்டால், "நல்லாத்தான் இருக்காங்க, தினம் வந்து பாப்பாவோட விளையாடிட்டுத்தான் போறாங்க" என்கிறார். அப்புறம் என்மேல் மட்டும் என்ன?

நேற்று அண்ணன் அனுப்பிய வீடியோ வந்தது. அவன் பின்னாலிருந்து "பாப்பா" என்று கூப்பிடுகிறான். அவள் திரும்புகிறாள். ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் கூடி நின்று பார்த்தோம். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். எலி அண்ணன், "இன்னொருக்கா போடுங்க, இன்னொருக்கா" என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தார். எத்தனை எலிகளின் காதில் டிக் டிக் என்று சத்தம் அனுப்பி, திரையில் கோடு அசைகிறதா என்று உட்கார்ந்திருக்கிறேன். ஒரு முகம் அசைந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் வீடியோவின் ஓரத்தில் நீ தெரிகிறாய். பாயின் மூலையில். எல்லாரும் கைதட்டுகிறார்கள். நீ தட்டவில்லை. உன் முகம் தெரிவதற்குள் வீடியோ முடிந்துவிட்டது.

நான் உன்னிடமிருந்து எதையாவது எடுத்துவிட்டேனா? இதற்கு மட்டும் பதில் எழுது.

குட்டி


அக்டோபர் 19

குட்டிக்கு,

போனை எடுக்காதது தப்புதான். உன் முகத்தைப் பார்த்தால் நான் நடிக்க வேண்டியிருக்கும், எனக்கு நடிக்க வராது. என்ன ஆகிறது என்று தெரிந்தபிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

ஊசி போட்ட நாளிலிருந்து தினமும் வேலை முடிந்து நேரே அங்கேதான் போவேன். அவள் என் கையைப் பார்க்கிறாளா என்று பார்ப்பேன். பார்த்தாள். மறுநாளும் போவேன். நீ நினைப்பது சரிதான், பயந்துபோய்த்தான் இருந்தேன். வீடியோவில் நான் கைதட்டவில்லை என்று கண்டுபிடித்துவிட்டாய். பாப்பா நம் அண்ணன் பக்கம் திரும்பினபோது என் நெஞ்சில் என்னவோ நின்றுவிட்டது. மெஷின் நின்ற மாதிரி.

அண்ணன் அதோடு போனை அணைத்துவிட்டான். அதற்கப்புறம் நடந்தது எந்த வீடியோவிலும் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

எல்லாரும் அழுதார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அண்ணியின் அம்மாவும் வந்திருந்தார், அண்ணனைவிடச் சத்தமாக அழுதிருப்பார் போல, தொண்டை நரம்பு தெரிந்தது. அண்ணன் யார் யாருக்கோ போன் செய்யப் போய்விட்டான். பாப்பாவைக் கொஞ்ச நேரம் எல்லாரும் மறந்துவிட்டார்கள். நான் மூலையில் இருந்தேன்.

திடீரென்று அவள் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினாள். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி திரும்பினாள். கண்ணைச் சிமிட்டினாள். பிறகு எழுந்து தத்தித் தத்தி, அம்மாவைத் தாண்டி, பாட்டியின் முழங்காலைத் தாண்டி, நேராக என்னிடம் வந்தாள். இரண்டு உள்ளங்கையையும் மேலே திருப்பி, தோளைத் தூக்கினாள்.

'என்ன?'

குட்டி, அவளுக்கு ஏதோ கேட்டிருக்கிறது. அது என்னவென்று வந்து என்னிடம் கேட்கிறாள். அந்த அறையில் அதற்குப் பதில் தெரியாத ஒரே ஆள் நான்தான். மற்றவர்கள் யாரிடம் கேட்டிருந்தாலும் உடனே சொல்லியிருப்பார்கள். அண்ணியைக் கூப்பிடலாமா என்று பார்த்தேன். ஆனால் பாப்பா என் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

'தெரியல. வா, பார்க்கலாம்' என்றேன்.

தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். கீழே தெருவில் ஆள் போகிறார்கள், ஒருவர் வாகனத்தைத் துடைக்கிறார், ஒரு அம்மா துணி உலர்த்துகிறார். எனக்கு எல்லாம் ஒன்றுதான். இதில் எது? அவள் முகத்தைப் பார்த்தேன். எதிர்க் கட்டடத்தில் கடை திறக்கும் ஒருவர் இரும்பு நாற்காலிகளை உள்ளிருந்து சிமென்ட் தரையில் இழுத்து இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாற்காலி இழுபடும்போதும் பாப்பா கண்ணைச் சுருக்கினாள். அவர் நிறுத்தினால் கண் திறந்தது. மறுபடி இழுத்தார், மறுபடி சுருங்கியது. இழுக்கிற நாற்காலி சத்தம் போடும் என்று எனக்கு இத்தனை வயதில் அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. நல்ல சத்தமாக இருக்காது என்றும் தெரிந்தது.

அவருக்கு நேராக விரலை நீட்டிக் காட்டிவிட்டு, 'நாற்காலி' என்றேன். அவள் தன் குட்டி விரல்களை ஒன்றின்மேல் ஒன்று உட்காரவைத்து, அதேபோலச் சொல்லிப் பார்த்தாள். கோணலாக வந்தது. திருத்தினேன். அடுத்த நாற்காலி இழுபட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டே, 'நாற்காலி' என்று அவளாகச் சொன்னாள்.

நீ எதையும் எடுக்கவில்லை. அவள் தேடிப்போய்ப் பார்த்த முதல் சத்தத்துக்குப் பெயர் சொல்லிக் கொடுத்தது நான்தான், குட்டி.

வாயாடி அக்கா